படுக்கையிலிருந்து வாசல் வரை

"மேப் வேற லெவல். மிஷன் மொக்கை."

இந்த ஒரே விஷயத்தை எத்தனை விதமாக எழுதலாம் என்பதை எங்கள் ஆட்டக்காரர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். ஒருவர் மேப் செய்தவனுக்குக் கோயில் கட்டுவதாகவும், மிஷன் எழுதியவரை அந்தக் கோயில் வாசலில் செருப்புப் பார்க்க உட்கார வைப்பதாகவும் எழுதியிருந்தார். மிஷன் எழுதியவர் நான்தான். பெயர் பூங்கொடி. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஒரு கேம் கம்பெனியில் வேலை.

கேமின் பெயர் 'பூனைநடை'. துப்பாக்கி கிடையாது, அடிதடி கிடையாது. காவலாளியின் கண்ணில் படாமல் ஒளிந்து ஒளிந்து நகர வேண்டும், அவ்வளவுதான். அதில் வந்த புதிய மேப் ஒரு விடுதி. மூன்று மாடி, நடுவே முற்றம், பின்னால் சமையல்கூடம், துணி காயப்போடும் இடம், சுற்றிலும் உயரமான மதில். ஒவ்வோர் அறையிலும் எட்டுக் கட்டில். எட்டிலும் இப்போதுதான் யாரோ எழுந்துபோன மாதிரி கசங்கிய விரிப்பு. குளியலறைத் தரையில் ஈரக் கால்தடம் இருக்கும், ஆள் மட்டும் இருக்காது. காவலாளிகளைத் தவிர ஓர் உயிர் கிடையாது. அந்த வெறுமைக்கே ஆட்டக்காரர்கள் மயங்கிக் கிடந்தார்கள்.

அப்பேர்ப்பட்ட மேப்பில் ஆட்டக்காரர்கள் முடிக்க வேண்டிய மிஷன் என்ன தெரியுமா? 'உன் படுக்கையிலிருந்து கிளம்பு. யார் கண்ணிலும் படாமல் வெளிவாசலை அடை.' முற்றும். திருட நகை இல்லை, காப்பாற்ற ஆள் இல்லை, ஏன் போகிறோம் என்பதற்குக் காரணம்கூட இல்லை. எனக்கே வாந்தி வரும்.

நான் எழுதாமல் இல்லை. பதினைந்து கதை எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொன்றும் திரும்பி வந்தது. எங்கள் முதலாளி தனபாலிடம் போய்க் கத்தினேன்.

"சார், ஊரே என்னைக் காறித் துப்புதுங்க. ஒரு கதையையாவது விடுங்க."

"ஏம்மா, நானா வேண்டாங்கறேன்? மேப் குடுக்கற கம்பெனிக்காரங்க இதைத்தான் கேக்கறாங்க. கட்டடம் அவங்களுது, காசு அவங்களுது. நீ எதுக்கு மூக்கால அழுவற?" என்றார். நல்ல மனிதர்தான். யார் காசு கொடுத்தாலும் அவர்களுக்கு நல்ல மனிதர்.

மேப் செய்த மகராசன் ரெமிஜியுஸ், எனக்கு அடுத்த மேஜை. தூத்துக்குடிக்காரன். பாராட்டு வரும்போதெல்லாம் எனக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் படிப்பான்.

"ஓவராப் பீத்திக்காத. நீயா செங்கல் அடுக்குன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அடுக்கல. ஆனா என் சாஃப்ட்வேர்தானே அடுக்குது?" என்றான். "அந்தக் கட்டடம் நெசமாவே எங்கயோ இருக்கு. சுவர்ல மொளகு சைசுல சென்சார் மணி ஒட்டியிருக்காங்க. அது பாக்கும், கேக்கும். அங்க மழை பெஞ்சா இங்க மழை. அங்க ஒரு வாளி நகந்தா இங்கயும் நகரும். காவலாளி எல்லாம் அங்க நெசமா நடக்குற ஆளுங்கதான். முகத்தை மட்டும் மாத்திருவேன்."

"அப்ப அங்க இருக்கறவங்க எங்க? கட்டில் இருக்கு, ஆளக் காணோம்?"

"அந்த உருவங்களை அவங்களே அழிச்சுட்டுத்தான் அனுப்புதாங்க. ஏதோ ட்ரெயினிங் சென்டராம். நமக்கென்ன?"

எனக்கும் அப்போது ஒன்றும் இல்லைதான். என் கவலையெல்லாம் என்னைத் திட்டுகிறவர்கள் மேல். ஆனால் அவர்கள் இன்னொன்றுக்காகவும் திட்ட ஆரம்பித்திருந்தார்கள். கஷ்டப்பட்டு ஒரு வழி கண்டுபிடித்தால், நாலு நாளில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. சாக்கடை மூடி வழியாகப் போனால் மூடிமேல் சிமெண்ட். மாடி ஜன்னல் வழியாகப் போனால் ஜன்னலில் கம்பி.

"நல்ல மேப்ப ஏன்டா நீயே கெடுக்கற?" என்று கேட்டேன்.

"நான் எங்க கெடுக்கேன்? அங்க அடைக்காங்க, இங்க அடையுது. எனக்கே வயிறு எரியுது. அந்தச் சாக்கடை எவ்வளவு அழகா வந்திருந்துச்சு!" என்றான். அவனுக்கு அழகுதான் முக்கியம்.

இந்த நேரத்தில்தான் ஒரு புகார் வந்தது. கேமில் தப்பு இருந்தால் குரலில் சொல்லி அனுப்பலாம். வழக்கமாகக் கெட்ட வார்த்தைதான் வரும். இது ஒரு சின்னப் பெண்ணின் குரல். நடுநடுவே இருமல்.

"யக்கா, அண்ணே, யாருன்னு தெரியல. எம் பேரு முத்துப்பேச்சி. இது எங்க ஹாஸ்டல்தானே? பாத்ததும் எங்க ரூம்ல எல்லாரும் கத்திட்டோம். நல்லா செஞ்சிருக்கீங்க. ஆனா ரெண்டு தப்பு இருக்கு. சமையக்கட்டுக்குப் பின்னால வெறகு ரூம்ல நீங்க சுவர் வச்சிருக்கீங்க. அங்க பலகைதான். ஒரு பலகை ஆடும், தள்ளுனா ஆள் போலாம். அப்புறம் காவலுக்கு இருக்குற செல்லக்கண்ணு அக்காவ அவ்வளவு வேகமா நடக்க விட்டிருக்கீங்களே, அவங்களுக்கு முட்டி வலி. இதச் சரிபண்ணுங்க, என்ன?"

ரெமி நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டான். "நம்ம பக்கத்துப் புள்ள! கோவில்பட்டிப் பேச்சு. பாத்தியா, எவ்வளவு நுணுக்கமா பாத்திருக்கு!"

மணி ஒட்டாத இடங்களையும், அங்கே காவலாளிகள் நடக்கும் நடையையும் அவன் தன் யூகத்தால் நிரப்புவான். அந்த விறகு அறை அவன் யூகம். தப்பு என்று ஒருத்தி சொல்லிவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அன்று சாயங்காலத்துக்குள் பலகையை வைத்து, ஒன்றை ஆடவும் விட்டான். செல்லக்கண்ணு அக்காவுக்கு முட்டிவலியும் கொடுத்தான்.

மறுநாளே ஆட்டக்காரர்கள் பலகையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கில் அந்த வழியாக வெளியேறினார்கள். ரெமிக்கு ஒரே கொண்டாட்டம்.

அந்த வார முடிவில் பேச்சியிடமிருந்து மறுபடி குரல் வந்தது. இந்தத் தடவை பழைய உற்சாகம் இல்லை.

"யக்கா, வெறகு ரூம்ல செங்கல் வச்சு அடைச்சுட்டாங்க. அந்தப் பலகை எனக்கு மட்டுந்தான் தெரியும். அந்த வழியாத்தான் போகலாம்னு இருந்தேன். காவக்காரங்க எப்ப எங்க திரும்புதாங்கன்னு கேம்ல பழகிட்டுப் போலாம்னுதான் உங்கள வைக்கச் சொன்னேன். இவங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சுச்சு?"

நான் கேமைத் திறந்து விறகு அறைக்குப் போனேன். இப்போது அங்கேயும் மணி ஒட்டிவிட்டார்கள் போல, பலகை இல்லை. புதுச் செங்கல் சுவர், பூச்சுக்கூட இன்னும் காயவில்லை.

உடனே அவளுக்குப் பதில் அனுப்பினேன். நீ யார், அது என்ன இடம், ஏன் போக வேண்டும் என்று கேட்டேன். அவள் விட்டுவிட்டுச் சொன்னாள். அது ஒரு நூல் மில்லின் விடுதி. மூன்று வருட ஒப்பந்தம். விடுதியிலிருந்து மில்லுக்கு, மில்லிலிருந்து விடுதிக்கு. வெளியே விடமாட்டார்கள். போன் வைத்துக்கொள்ளக் கூடாது, எட்டுப் பேரும் சேர்ந்து ஒரு போனை அரிசி டின்னில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். பஞ்சுத் தூசியில் ஆறு மாதமாக இருமல். இப்போது படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, படுத்தால் தூங்க முடியவில்லை.

"டாக்டர் கிட்டக் காட்டலையா?"

"வார்டன் மாத்திர குடுக்காங்க. லீவு கேட்டா அடுத்த மாசம்ங்காங்க. அம்மா கிட்டச் சொன்னா, இன்னும் ஒண்ணரை வருசந்தானே, முடிச்சுட்டு வான்னு சொல்லுதா. அதுக்குள்ள நான் செத்துருவேன்க்கா."

சும்மா சொல்லவில்லை என்பது அந்த மூச்சைக் கேட்டாலே தெரிந்தது. உதவி எண் ஒன்றுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சம்பந்தப்பட்ட பெண்ணே நேரில் வந்து மனுக் கொடுக்க வேண்டும் என்றார். வெளியே வர முடியாது என்பதுதான் சார் மனுவே என்றேன். அப்படியென்றால் மில் நிர்வாகத்திடம் விளக்கம் கேட்பதாகச் சொன்னார். வேண்டாம் சாமி என்று வைத்துவிட்டேன்.

ரெமியை இழுத்துக்கொண்டு தனபாலின் அறைக்குப் போனேன். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஆமா, லேடீஸ் ஹாஸ்டல்தான். பாதுகாப்பு சோதிக்கறாங்க. வயசுப் புள்ளைங்க இருக்கற எடம். பெத்தவங்களே கேக்கறாங்களாம். லட்சம் பேர் விளையாடினா ஓட்டை எல்லாம் தெரிஞ்சுரும். ஆளு வெச்சுச் சோதிச்சா இதெல்லாம் ஆகுமா? வாரா வாரம் ரிப்போர்ட் போகுது, அவங்க சரி பண்ணிக்கறாங்க. நல்ல காரியந்தானே?"

"பாதுகாப்புன்னா திருடன் வெளிய இருந்து உள்ள வருவான் சார். மிஷன் வாசல்ல ஆரம்பிச்சுப் படுக்கையில முடியோணும். நம்ம மிஷன் படுக்கையில ஆரம்பிச்சு வாசல்ல முடியுது. யாரை யார்கிட்ட இருந்து காப்பாத்தறாங்க?"

தனபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ மிஷன் எழுதறவ. அதைப் பாரு" என்றார்.

ரெமி வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான். "அந்தப் பலகைய நான்தானே வச்சேன்" என்றான். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் மனம் வரவில்லை.

அங்கே உட்கார்ந்துதான் யோசித்தோம். மில்காரர்கள் தங்கள் கண்ணை நம்புவதில்லை, எங்கள் ரிப்போர்ட்டை நம்புகிறார்கள். ஆட்டக்காரர்கள் எங்கே கூடுகிறார்களோ அங்கேதான் ஆளைப் போடுகிறார்கள். அப்படியானால் ஆட்டக்காரர்களை நாம் நினைக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால்?

பேச்சியிடம் கேட்டேன். துணி காயப்போடும் இடத்தில், கிழக்கு மதிலின் அடியில், வேப்பமர வேர் தள்ளி ஒரு விரிசல் விழுந்திருக்கிறதாம். விடுதிப் பெண்களே தகரத்தைச் சாய்த்து மறைத்து வைத்திருக்கிறார்கள். ஒடிசலான பெண் நுழையலாம். அங்கே மணி ஒட்டவில்லை, மேப்பில் வெறும் சுவர்தான். ஆனால் எதிரிலேயே செல்லக்கண்ணு அக்கா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள்.

"மேப்ப நீ தொடாத" என்று ரெமியிடம் சொன்னேன். "இனிமே என் வேலை."

என் வாழ்க்கையிலேயே நல்ல மிஷனை அந்த வாரம்தான் எழுதினேன். வெளிவாசலுக்குச் சாவி வேண்டும். சாவி மேற்கு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள். ஒளித்து வைத்தவள் அந்த விடுதியில் முன்பு இருந்த ஒருத்தி. ஏன் ஒளித்தாள், ஏன் தானே எடுத்துக்கொண்டு போகவில்லை என்பது அறை அறையாகத் தெரியவரும். சீப்பில் ஒரு தலைமுடி, தலையணைக்கடியில் ஒரு பஸ் டிக்கெட். யார் சீக்கிரம் முடிக்கிறார்களோ அவர்கள் பெயர் பட்டியலில் முதலில் நிற்கும். கூட்டம் வந்தால் ரிப்போர்ட்டும் நன்றாக வரும் என்று சொல்லித் தனபாலை மடக்கினேன். மில்காரர்களும் சரி என்றார்கள்.

மூன்று மடங்கு கூட்டம் வந்தது. எல்லோரும் மேற்கு மாடியிலேயே குடியிருந்தார்கள். என்னைச் செருப்புப் பார்க்க உட்கார வைத்தவரே, அழுதுவிட்டேன் என்று எழுதினார். சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்?

புதன்கிழமை ரெமி என் தோளை உலுக்கினான். திரையில் காவலாளி ஒருவர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மேற்குப் பக்கம் போனார். இன்னொருவர் போனார். கடைசியாகச் செல்லக்கண்ணு அக்கா, ஒரு கையில் ஸ்டூலும் ஒரு கை முட்டியிலுமாக, முற்றத்தைக் கடந்து மேற்கே போனாள். கிழக்கில் ஆளே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கையைப் பிடித்துக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஷிப்ட் மாறும் நேரத்தில் துணி எடுக்கப் போவதுபோல் போகச் சொன்னேன். நானும் ரெமியும் காரோடு ரோட்டில் நிற்பதாக ஏற்பாடு. நேராக ஆஸ்பத்திரி. "சரிக்கா, சரிக்கா" என்று அவள் அழுதாள், இருமினாள், சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் தனபால் ஒரு டப்பா மைசூர்பாகோடு வந்தார்.

"பூங்கொடி, எடுத்துக்கம்மா. மில்காரங்களுக்குப் பயங்கர சந்தோசம். நேத்தே போன் பண்ணாங்க. முதல் இடத்துல இருக்கற புள்ளைக்கு அவங்களே பரிசு குடுக்கறாங்களாம். எந்த ஊரு, எங்கிருந்து விளையாடுதுன்னு கேட்டாங்க. பாத்து எடுத்துக் குடுத்துட்டேன்."

"யாருங்க சார் முதல் இடம்?" என்று கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பட்டியலை நான் பார்த்தே மூன்று நாளாகியிருந்தது. ரிப்போர்ட்டையும் ஸ்டூலையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முத்துப்பேச்சி. இரண்டாம் இடத்தில் இருந்தவனைவிடப் பாதி நேரம்.

வேறு யார் வருவார்கள்? எந்தப் படி சத்தம் போடும், எந்தக் கதவைத் தூக்கித் திறக்க வேண்டும் என்று தெரிந்தவள் அவள்தானே. எட்டுப் பேரும் அரிசி டின்னைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு யோசனை சொல்லி, மாற்றி மாற்றி விளையாடியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். எந்தச் சேலை கட்ட வேண்டாம், எந்தச் செருப்புப் போட வேண்டாம் என்பதுவரை சொன்னேன். விளையாடாதே என்று சொல்லத் தோன்றவில்லை. அவ்வளவு நல்ல மிஷனை எழுதிவிட்டு, விளையாடாதே என்று யாருக்குச் சொல்லத் தோன்றும்?

"அறிவிருக்கா சார் உங்களுக்கு?" என்று கேட்டேன். மைசூர்பாகு கீழே விழுந்தது. நான் தட்டிவிட்டேனா, அவர் விட்டாரா தெரியாது.

ரெமி காரை விரட்டினான், நான் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அவள் போனை எடுக்கவில்லை. மில்லுக்குப் போய்ச் சேரும்போது ஷிப்ட் மாறும் நேரம் தாண்டிவிட்டது. கிழக்கு ரோட்டில் கொஞ்ச நேரம் நின்றோம். யாரும் வரவில்லை. பிறகு முன்வாசலுக்குப் போனேன்.

வாசல் காவலாளியை எனக்குத் தெரியும். தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்துவிட்டுத்தான் இடது பக்கம் திரும்புவார். இப்போதும் அப்படியே செய்தார். முகம் மட்டும் புதிது. அவருடைய நடையில் எந்த இடத்தில் ஒருவர் நழுவிப் போகலாம் என்று எனக்குத் தெரியும், ஆனால் நழுவிப் போவதற்கு அங்கே ஒரு சந்துகூட மிச்சமில்லை. எல்லாவற்றையும் என் ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

"யாருங்க வேணும்?"

"முத்துப்பேச்சின்னு ஒரு புள்ளைங்க. சொந்தக்காரங்க நாங்க."

"ஓ, கேம்ல ஜெயிச்ச புள்ளைங்களா?" அவர் முகம் மலர்ந்தது. "காலையில மைக்குல பேர் சொல்லிக் கூப்பிட்டு, மாலை போட்டு, வாட்ச் குடுத்தாங்க. எல்லாரும் கை தட்டுனோம். ஆனா இப்பப் பாக்க முடியாதுங்க. ஞாயித்துக்கிழமை அம்மா அப்பா மட்டுந்தான்."

"அடிச்சாங்களா?" ரெமி கேட்டான்.

"எதுக்குங்க அடிக்கோணும்? மெஷின் வேலையில இருந்து எடுத்து ஆபீஸ்ல உக்கார வெச்சுட்டாங்க. ஏசி ரூம். நாள் பூரா அந்தக் கேம் விளையாடறதுதான் வேலை. எங்கெங்க சந்து இருக்குதுன்னு அந்தப் புள்ளைக்குத்தான் நல்லாத் தெரியுதாமா. யோகக்காரப் புள்ளைங்க."

திரும்பிக் காருக்கு வந்தோம். ரெமி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதான். நான் அழவில்லை. யாரையாவது ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது, யாரை என்றுதான் தெரியவில்லை.

திங்கட்கிழமை கேம் வழியாக அவள் குரல் வந்தது. இப்போது அவளுக்கு மில்லே ஒரு போன் கொடுத்திருக்கிறது.

"யக்கா, நான் பேச்சி. கோவமா இருக்கீங்களா? அவங்களே டாக்டரக் கூட்டிட்டு வந்து காட்டுனாங்க. இங்க தூசி இல்லக்கா, ராத்திரி நல்லாத் தூங்குதேன். ஆனா ரூம்ல யாரும் எங்கூடப் பேச மாட்டேங்காங்க. என் கட்டில்ல தண்ணிய ஊத்தி வச்சிருந்தாங்க. தங்கபுஷ்பத்துக்கும் இப்ப இருமல் ஆரம்பிச்சிருக்குக்கா, எங்கூடவே மெஷின்ல நின்ன புள்ள. வாரத்துக்கு ஒரு வழியாவது சொல்லணும்னு சார் சொல்லியிருக்காரு. இல்லன்னா திரும்ப மெஷினுக்குத்தான் போகணும். ரெண்டு வழி சொல்லிட்டேன். சின்ன வழிதான், யாருக்கும் உதவாதது. கெழக்குச் சுவத்த மட்டும் சொல்லல. தங்கபுஷ்பம் போகட்டும்னு வச்சிருக்கேன். ஆனா எங்கிட்ட வேற வழி இல்லக்கா. அடுத்த வாரம் என்ன சொல்லன்னு தெரியல."

ரெமி மறுபடி ஒருமுறை போட்டுக் கேட்டான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவ்வளவு நீளமாகப் பேசியதில் அவள் ஒரு தடவைகூட இருமவில்லை.